இரண்டு மீட்டர் கேபிளும் ஒரு ஏக்கர் நிலமும்

1

வருடா வருடம் மே மாதக் கடைசியில் எனக்கு இங்கே மாலை போடுவார்கள். பூமாலை என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டு மீட்டர் நீளமுள்ள கறுப்பு கேபிள். எங்கள் ஆய்வுக்கூடத்தில் தொழில்நுட்பப் பிரிவில் இருக்கும் டிர்க் என்கிற ஆறடி ஆள் அதை வளைத்து, இரண்டு முனைகளையும் திருகி இணைத்து, என் கழுத்தில் போட்டுக் கை குலுக்குவார். சுற்றி நிற்கிறவர்கள் கை தட்டுவார்கள். அப்புறம் நானே வாங்கி வந்த கேக்கை நானே வெட்டி எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். ஜெர்மனியில் விழா யாருக்கோ அவன்தான் கேக் வாங்க வேண்டும் என்பது வழக்கம். அவமானமும் நம்முடையது, கேக்கும் நம்முடையது.

போன வாரம் மூன்றாவது மாலை விழுந்தது. முதல் வருடத்து மாலைப் படத்தை அப்பாவுக்கு அனுப்பியபோது, "கறுப்பு இருக்கு, செவப்பு எங்கடா?" என்று கேட்டிருந்தார். மனிதர் கழகக் கொடியைத் தவிர வேறு எதையும் எதிலும் பார்க்க மாட்டார். இந்த வருடம் கழுத்துக் கேபிளோடு கேக்கை வெட்டிக்கொண்டிருந்தபோது, இதை ஊர்க்காரர்களுக்கு ஒழுங்காக ஒருமுறை எழுதிவிடலாம் என்று தோன்றியது. ஆளாளுக்குப் போனில் கேட்டு, ஆளாளுக்கு ஒரு கதை சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

ஒரு நிபந்தனை. கும்பகோணத்தில் டவுன் பஸ் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் வரும் எங்கள் ஊரின் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். "பேர எழுதுன, எம்மேல கேஸ் வரும்" என்று அப்பா தடை போட்டிருக்கிறார். அவர் சொல்வது சட்டப்படி சரிதான். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

2

நான் செய்கிற வேலை பொருட்களை உருக்குவது. பதினோரு வருடங்களுக்கு முன்னால் இங்கே வந்த புதிதில் வெளிநாட்டவர் அலுவலகத்தில் என்ன வேலை என்று கேட்டார்கள். அப்போது எனக்கு நாற்பது ஜெர்மன் வார்த்தை தெரியும், அதில் இருபது காய்கறி. "உருக்குகிறேன்" என்றேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள் தலையாட்டி எழுதிக்கொண்டார். அடுத்த ஒரு வருடம் இந்த நாட்டுச் சர்க்கார் தாள்களில் நான் வார்ப்படப் பட்டறைத் தொழிலாளி. திருத்தச் சொல்லிப் போனால், பட்டறையை விட்டு விலகியதற்குப் பட்டறை முதலாளியின் கடிதம் வேண்டும் என்றார்கள். கும்பகோணத்துப் பாத்திரக்காரர் யாரிடமாவது ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

நான் உருக்குவது அடுப்பு வைத்து அல்ல, வெளிச்சத்தை வைத்து. ஊருக்குப் போயிருந்தபோது இதை அம்மாவுக்கு விளக்க முயன்றிருக்கிறேன். அம்மா வாழ்நாள் முழுக்க அடுத்தவர் வயலில் நடவு நட்டவள். அதனால் அங்கேயே ஆரம்பித்தேன்.

"கல்லு மாதிரி கெட்டியா இருக்குல்ல, அதுக்குள்ள பார்த்தா அணுவெல்லாம் நடவு நட்ட மாதிரி வரிசையா நிக்கும்மா."

"கயிறு புடிச்சு நட்டதா, கைபோன போக்குல நட்டதா?"

"கயிறு புடிச்சு. ஒரு நூல் பிசகாது."

"அப்ப அது சொந்த வயலாத்தான் இருக்கும்" என்றாள் அம்மா. "கூலிக்கு நடுறப்ப எவ கயிறு புடிப்பா? மேஸ்திரி அந்தாண்ட திரும்புனா எட்டி எட்டி நட்டுட்டுக் கரையேறிடுவோம்."

அதற்கு மேல் அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. உங்களுக்குத்தான் விளக்க வேண்டியிருக்கிறது.

சாதாரணமாக ஒரு பொருள் எப்படி உருகும்? சூடு ஏறும், அணுக்கள் நின்ற இடத்திலேயே ஆடும், ஆட்டம் எல்லை மீறினால் வரிசை கலைந்துபோகும். வெண்ணெயும் அப்படித்தான், வெண்கலமும் அப்படித்தான். ஆனால் குறைகடத்திகள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்களே, உங்கள் செல்போனுக்குள் இருக்கும் சிலிக்கானும் அதன் பங்காளிகளும், அவற்றின் மேல் மிக மிகக் குறுகிய லேசர் துடிப்பு ஒன்றை அடித்தால் வேறு மாதிரி நடக்கிறது. ஒரு அணுவை அடுத்த அணுவோடு சேர்த்துக் கட்டி வைத்திருப்பவை எலக்ட்ரான்கள். லேசர் அவற்றில் ஒரு பங்கை அவிழ்த்துவிட்டாலே மொத்தக் கட்டும் தளர்ந்துவிடும். கல்யாணப் பந்தலின் எல்லாக் கயிறுகளையும் ஒரே நொடியில் அறுத்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். பந்தல் விழத் தீ வைக்க வேண்டியதில்லை. எந்த மூங்கில் எந்தப் பக்கம் சாய்ந்துகொண்டிருந்ததோ அந்தப் பக்கம் அதுபாட்டுக்குப் போகும். அணுக்களும் சூடு வந்து சேர்வதற்குள்ளாகவே வரிசையை விட்டுப் போய்விடுகின்றன. இதெல்லாம் நடந்து முடிகிற நேரத்துக்குள் வெளிச்சம் ஒரு தலைமுடியின் குறுக்களவைக் கடந்தால் பெரிய விஷயம்.

அதைப் படம் பிடிக்க எக்ஸ்ரே. அதுவும் அதே அளவுக்குக் குறுகிய துடிப்பு. லேசர் ஒன்று அடிக்கும், பின்னாலேயே எக்ஸ்ரே ஒன்று வந்து பார்க்கும். அணு வரிசை ஒழுங்காக இருந்தால் திரையில் பளிச்சென்று ஒரு புள்ளி விழும். வரிசை கலைந்திருந்தால் புள்ளி மங்கிவிடும். அடித்த இடம் அதோடு போச்சு, அடுத்த அடிக்கு, அந்தப் பொருளிலிருந்து வெட்டி மாட்டியிருக்கும் சில்லை நகர்த்திப் புது இடம் காட்ட வேண்டும்.

கேட்க எளிதாகத்தான் இருக்கும். சனியன் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்றால், லேசர் பக்கத்து அறை மேசையிலிருந்து வருகிறது, எக்ஸ்ரே ஒரு மைலுக்கு மேல் நீளமான சுரங்கத்திலிருந்து வருகிறது. இரண்டும் ஒரே கணத்தில் சில்லின் மேல் வந்து விழும் நேரம் எது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு நேரப் பூஜ்யம் என்று பெயர். அங்கிருந்துதான் எல்லாவற்றையும் அளப்போம். பூஜ்யம் தவறினால், உருகுவதற்கு முன்னால் போய் ஒரு படம், எல்லாம் உருகி ஆறி இறுகிய பிறகு போய் ஒரு படம் என்று எடுத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

3

இனி அப்பா. பெயர் மாரிமுத்து. பண்ணையில் கூலி வேலை. டெல்டாவில் கூலிக்காகவும் நிலத்துக்காகவும் ஊருக்கு ஊர் போராட்டம் நடந்த வருடங்களில் அவர் வாலிபர். கூலிக்குச் சங்கம், ஓட்டுக்குக் கழகம் என்று வைத்திருந்தார். இரண்டு பக்கத்துத் தலைவர்களுக்கும் சோடா உடைத்துக் கொடுத்திருக்கிறார். எனக்குச் செழியன் என்று பெயர் வைத்தது ஒரு மாநாட்டுப் பந்தலில்.

நான் பத்தாவது படிக்கும்போது, உச்சவரம்புச் சட்டத்தில் மிராசுதாரிடமிருந்து எடுத்த உபரி நிலத்தைப் பிரித்துக் கொடுத்தார்கள். கும்பகோணத்தில் மேடை போட்டு, மைக் கட்டி, ஒரு அமைச்சர் கையால் அப்பாவுக்கு ஒரு ஏக்கருக்குப் பட்டா. அந்த போட்டோ இன்னும் வீட்டில் மாட்டியிருக்கிறது. அமைச்சர் கேமராவைப் பார்க்கிறார், அப்பா பட்டாவைப் பார்க்கிறார்.

பட்டா கிடைத்துவிட்டது. நிலம் எங்கே இருக்கிறது என்றுதான் தெரியவில்லை. ஒரு பெரிய வெளியைக் காட்டி, இதில் ஒரு ஏக்கர் உனக்கு என்றார்கள். அளந்து கல் நடுவதற்குள் மிராசுதார் வீட்டார் கோர்ட்டில் தடை வாங்கினார்கள். தடை இருக்கிற வரை சாகுபடி அவர்களுடையது. அப்பா அந்த வெளியில் கூலிக்கு உழுதார், அம்மா கூலிக்கு நட்டாள். சென்னையில் ஆட்சி மாறிக்கொண்டே இருந்தது, இவர்கள் வயல் மட்டும் மாறவில்லை.

ஒருவழியாகத் தடை விலகியது. அப்பாவுக்கு அப்போது தலை முழுக்க நரைத்திருந்தது. சர்வேயர் வந்தார், அளந்தார், ஒரு தடவை போல மறுதடவை வரவில்லை. அந்த வெளியின் மூலைக் கல் ஒன்று காணோம், அது இல்லாமல் கணக்கு ஒட்டவில்லை என்று போய்விட்டார். அடுத்து வந்தவரும் அதையேதான் சொன்னார். "கல்ல மிராசு ஆளுங்கதான் புடுங்கிட்டானுங்க" என்று அப்பா ஊர் முழுக்கச் சொன்னார். ஒவ்வொரு வருடமும் தாலுகா ஆபீசில் நடக்கும் ஜமாபந்தியில் மனு கொடுத்தார். முதல் மாலைக்குக் காரணமான அந்த வருடத்து ஜமாபந்திக்கு முன்னால் தாசில்தார் தீர்மானமாகச் சொல்லிவிட்டார்: கடைசியாக ஒருமுறை ஆள் அனுப்புகிறேன். இந்தத் தடவையும் நிலத்தை அடையாளம் காட்ட முடியாவிட்டால் பட்டாவை ரத்து செய்துவிட்டு ஃபைலை மூடிவிடுவோம்.

அப்பாவுக்கு எழுபது வயதாகிவிட்டது. அந்த ஒரு ஏக்கரில் ஒரு போகமாவது சொந்தமாகப் போட்டுப் பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் வயலில் இறங்கி அளக்க முடியாது. எனவே மே மாதக் கடைசியில் ஒரு நாள் குறித்தார்கள். அது எங்கள் சோதனைக்கு இங்கே எக்ஸ்ரே ஒதுக்கிக் கொடுத்திருந்த நாள்.

4

மனு என்றதும் என் மகள் யாழினியைச் சொல்ல வேண்டும். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. எட்டு வயது வரை வீட்டில் ஜெர்மன், பள்ளியில் ஜெர்மன், கனவிலும் ஜெர்மன். ஒருமுறை தூக்கத்தில் அவள் சண்டை போடுவதைக் கேட்டேன், நாலைந்து வார்த்தை எனக்கே புரியவில்லை. மகள் கை நழுவிப் போகிறாள் என்று எனக்கு ஒரே பயம். தமிழ் வகுப்பு இருபது மைல் தள்ளி, அதுவும் சனிக்கிழமை காலை, அதுவும் அவளுடைய கைப்பந்து நேரத்தில்.

அப்பாவின் மனுக்களை நான்தான் இங்கிருந்து தயாரித்து அனுப்புவேன். எனக்குப் போனில் தமிழ் தட்ட வராது, அவள் காதில் விழுவதை ஆங்கில எழுத்தில் தட்டியே தமிழாக்கிவிடுவாள், விரல் பறக்கும். அதனால் நான் சொல்லச் சொல்ல அவள் தட்டுவாள். நாலு வருடத்தில் என் மகள் நன்றாகத் தமிழ் பேச ஆரம்பித்துவிட்டாள். ஆனால் அவளுக்குத் தெரிந்த ஒரே தமிழ் மனுத் தமிழ்தான்.

"மேற்படி இட்லியில் ஒன்று போதும்" என்பாள். சிநேகிதி வீட்டுக்குப் போக வேண்டுமென்றால், "எனது கோரிக்கையைக் கனிவுடன் பரிசீலிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று வாசலில் நிற்பாள். ஊரில் என் அத்தை அவளைக் கொஞ்சி முத்தம் கொடுத்தபோது, "தங்கள் நடவடிக்கைக்கு நன்றி" என்றாள். அத்தை இன்னும் அதைப் பற்றி என்னிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

கடைசி மனுவைத் தட்டி முடித்த அன்று சாப்பாட்டு மேசையில் நான் ஹெல்காவைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தேன். ஹெல்கா எங்கள் குழுவுக்குத் தலைவி. எக்ஸ்ரேக்கு ஒன்றரை வருடம் காத்திருந்தோம், கிடைத்ததோ சில நாள்தான், அதில் பாதி இந்தப் பூஜ்யத்தைத் தேடுவதிலேயே போய்விடும் என்று அவள் கவலைப்படுகிறாள் என்றேன். யாழினி தலையை உயர்த்தாமல் ஜெர்மனில் கேட்டாள்: "தாத்தாவுக்கும் அதேதானே பிரச்சினை? எங்கிருந்து அளக்க வேண்டும் என்று தெரியவில்லை."

தட்டைப் பார்த்துச் சாப்பிடு என்றேன். என் புத்தி அன்றைக்கு அவ்வளவுதான்.

5

குறித்த நாள் வந்தது. காலை ஏழு மணிக்கு எங்கள் முறை ஆரம்பம். இண்டியம் ஆன்டிமோனைடு என்கிற சிலிக்கானின் பங்காளி ஒருவரைச் சில்லாக வெட்டி மாட்டி வைத்திருந்தோம். லேசர் அடித்தது, எக்ஸ்ரே வந்தது, புள்ளி பளிச்சென்று நின்றது. நேரத்தை நகர்த்தினோம். புள்ளி நின்றது. இன்னும் நகர்த்தினோம். மகராசி அசையவே இல்லை. பத்து மணிக்குச் சில்லில் கால்வாசி பொத்தல்.

எனக்குக் கோபம் வந்தால் யாரையாவது சொல்ல வேண்டும். லேசர் அறைக்காரர்கள் சரியில்லை என்றேன். சுரங்கத்துக்காரர்கள் எங்களிடம் சொல்லாமல் எதையோ மாற்றிவிட்டார்கள் என்றேன். முந்தின வாரம் இந்த அறையில் வேலை செய்த குழுவினர் எதையோ கலைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், அவர்களைப் பார்த்தாலே தெரிந்தது என்றும் சொன்னேன். டிர்க் தரையில் மண்டியிட்டு, எக்ஸ்ரே வருவதைக் கண்டு சொல்லும் கருவியிலிருந்து கேபிளைப் பிடித்துக்கொண்டே சுவரோரமாக நகர்ந்துபோனார். வாசல் நிலைக்கு மேலே ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, திரும்பி வந்து கேட்டார்.

"இந்தக் கேபிள் எப்போது நீளமானது?"

நான்தான் மாற்றினேன். ஒரு வாரத்துக்கு முன்னால் அந்தக் கேபிள் வாசலுக்குக் குறுக்கே கிடந்தது. நாலு பேர் நடக்கிற வழி. இரண்டு தடவை தடுக்கியது. இரண்டு மீட்டர் நீளம் கூடுதலாக உள்ள இன்னொன்றை எடுத்து, நிலைக்கு மேலே ஏற்றி, சுவரோரமாக அழகாக மாட்டினேன். நல்ல காரியம் செய்த திருப்தியோடு டீ குடிக்கப் போனேன். பதிவேட்டில் எழுதவில்லை. நம் ஊரில் வழியில் கிடக்கிற கல்லை ஓரமாகத் தூக்கிப் போட்டுவிட்டு யாராவது எழுதி வைக்கிறோமா?

எக்ஸ்ரே வந்துவிட்டது என்று சொல்லும் சிக்னல் அந்தக் கேபிள் வழியாகத்தான் வருகிறது. கூடுதல் இரண்டு மீட்டரைக் கடக்க அதற்குப் பிடிக்கும் நேரம், நாங்கள் படம் பிடிக்க நினைத்த உருகலைப் போலப் பல்லாயிரம் மடங்கு. ஆக, நான் போட்ட பூஜ்யம் எங்கோ கிடந்தது, உண்மையான பூஜ்யம் வேறெங்கோ கிடந்தது. நாலு மணி நேரமாக இல்லாத இடத்தில் தேடியிருக்கிறோம்.

இங்கே திட்ட மாட்டார்கள். ஹெல்கா என்னைப் பார்த்து, "சுவாரசியமாக இருக்கிறது" என்றாள். அதற்கு அப்பா கையால் சவுக்கு மிலாரில் நாலு வாங்கியிருக்கலாம். டிர்க் ஒரு படிவத்தைக் கொண்டுவந்தார். கேபிள் மாற்ற விண்ணப்பம், போன வாரத் தேதிக்கு. மாற்றுவதற்கான காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது.

6

அப்பா. வீடியோ அழைப்பு. அவர் வீடியோ அழைப்பையும் காதில் வைத்துத்தான் பேசுவார். அதனால் திரை முழுக்க எனக்குத் தெரிவது ஒரு காதும் அதில் முளைத்த நாலு நரைமுடியும்தான். தாழ்வாரத்துக்கு ஓடினேன். ஊரில் அப்போது மத்தியானம் இரண்டேகால்.

"செழியா, மூணு தடவ அளந்தாச்சு. மூணு தடவயும் வேற வேற எடம் வருது. ஒரு தடவ வாய்க்காலுக்குள்ள போவுது. சர்வேயர் தம்பி கெளம்பப் போறேங்குறாரு." குரல் உடைந்திருந்தது. அவர் குரல் உடைந்து நான் கேட்டதில்லை. "அவ்வளவுதான் போலருக்குடா."

யாழினி சொன்னது அப்போதுதான் மண்டையில் உறைத்தது. வெட்கமாகவும் இருந்தது.

"அப்பா, இருங்க. எங்கேருந்து அளக்குறாங்க?"

"எங்கேருந்தா? வடக்க ஒரு கல்லு இருக்கு, அதுலேருந்து ஒரு தடவ. கோயில் சுவத்துலேருந்து ஒரு தடவ."

"காணாமப் போன மூலைக் கல்லு எங்க நின்னுச்சாம்? படத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்க. நிலம் எங்கன்னு கேக்க வேணாம். கல்லு எங்க நின்னுச்சுன்னு மட்டும் கேளுங்க."

காது நகர்ந்தது. தாள் புரளும் சத்தம். சர்வேயர், சின்ன வயதுக்காரர், பொறுமையாகச் சொல்வது கேட்டது. "வாய்க்கால் ரெண்டா பிரியுதுல்லங்கய்யா, அதுக்குக் கிழக்குக் கரையில. பிரியிற எடத்துலேயே."

அழைப்பு துண்டிக்கப்பட்டுவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை, காது இருந்தது.

"அப்பா?"

"அங்க நம்ம கொடிக்கம்பம்ல நிக்குது" என்றார் மெதுவாக.

"யாரு நட்டது?"

"நான்தான் நட்டேன். போராட்டத்தப்ப." காது ஒரு பக்கம் திரும்பியது. "அங்க ஒரு கல்லு நின்னுச்சு. பண்ணையில சுண்ணாம்பு அடிச்சு வெச்சிருந்தானுவ. மிராசு கல்லு, நம்ம எடத்துல எல்லை போடுறான்னு நாலு பேரு சேந்து புடுங்கிட்டோம். குழி சும்மா கெடக்கேன்னு அதுலேயே கம்பத்த நட்டோம்."

ஐம்பது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக மிராசுதாரைத் திட்டிக்கொண்டிருந்த மனிதர் இப்போது தன் காதை மட்டும் எனக்குக் காட்டிக்கொண்டு நின்றார். நான் கையில் கேபிள் விண்ணப்பத்தை வைத்துக்கொண்டு நின்றேன். எனக்குச் சிரிப்பு வந்தது, அதைவிட அதிகமாகப் பாவமாக இருந்தது. அவரைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

"கல்ல என்ன பண்ணீங்க?"

"வீட்டுக்குத் தூக்கியாந்தோம். வெற்றியாச்சே."

பின்னாலிருந்து அம்மாவின் குரல். "எந்தக் கல்லு? நம்ம கொல்லையில கெடக்கே, தொவைக்கிற கல்லா?"

அந்தக் கல்லை எனக்குத் தெரியும். அதன்மேல் உட்கார்ந்துதான் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் படித்தேன். அதன் ஒரு பக்கத்தில் அம்புக்குறி ஒன்று செதுக்கியிருக்கும் என்று அம்மா சொல்வாள். சாமி கல்லோ என்னவோ, அதன்மேல் அழுக்குத் துணியை அடிக்க மனசு வரவில்லை என்று அந்தப் பக்கத்தைத் தரைக்குத் திருப்பிப் போட்டிருந்தாள். "சாமியாவது பூதமாவது" என்பார் அப்பா. இருவருமே அது சர்க்கார் சர்வேக் கல்லின் குறி என்று நினைக்கவில்லை.

சர்வேயர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அய்யா, நீங்க பேசினது எனக்குக் காதுல விழல. சர்வே கல்லைப் புடுங்குறது குத்தம், தெரியும்ல? அதனால எனக்குக் காதுல விழல. வெள்ளத்துல அடிச்சிட்டு வந்து உங்க கொல்லையில ஒதுங்கியிருக்கு. அப்படித்தானே?"

"இல்ல தம்பி, நான்தான்" என்று அப்பா ஆரம்பித்தார். அவர் போலீசிடமே உண்மையைச் சொல்லி உள்ளே போனவர்.

"ஆமாங்க சார், வெள்ளந்தான்" என்றாள் அம்மா. "பெரிய வெள்ளம். தாங்க முடியல."

7

கூடுதல் இரண்டு மீட்டரைக் கழித்துவிட்டு நாங்கள் மறுபடியும் ஆரம்பித்தோம். ஒரு மணி வாக்கில் லேசரும் எக்ஸ்ரேயும் ஒன்றாக வந்து விழும் இடம் கிடைத்தது. ஹெல்கா நேரத்தைத் துளித் துளியாக நகர்த்தினாள். எக்ஸ்ரே முந்தி வந்தபோது புள்ளி பளிச்சென்று இருந்தது. சேர்ந்து வந்தபோதும் இருந்தது. கொஞ்சம் பிந்தியதும் மங்கியது, இன்னும் கொஞ்சம் பிந்தியதும் காணவில்லை. சூடேறி உருக இவ்வளவு நேரம் போதவே போதாது. கயிறு அறுந்த பந்தல்தான். ஒரு கெட்டிப் பொருள் தன் வரிசையை விடுவதை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். டிர்க் என் தோளில் கை வைத்தார். கழற்றிய அந்தக் கேபிளிலிருந்து வெட்டிய இரண்டு மீட்டர் துண்டு அவருடைய இன்னொரு கையில் இருந்தது. அதை என்ன செய்வார் என்று எனக்கு அப்போது தெரியாது.

ஒரு பொருளின் வரிசை, வெளிச்சம் ஒரு தலைமுடியைக் கடக்கும் நேரத்துக்குள் குலைந்துவிடுகிறது. எங்கள் ஊர் வரிசை குலைய எத்தனை பேர் சூடானார்கள், எத்தனை பேர் ஜெயிலுக்குப் போனார்கள், அப்படியும் ஒரு ஏக்கர் வந்து சேர இவ்வளவு காலம். திரையைப் பார்த்துக்கொண்டு இதைத்தான் நினைத்தேன். ஹெல்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் சுவாரசியமாக இருக்கிறது என்பாள்.

இரண்டு மணிக்கு மறுபடியும் போன். ஊரில் வெயில் சாய்ந்திருக்கும். கொடிக்கம்பத்தின் சிமென்ட் மேடை நடுவிலிருந்து அளவுச் சங்கிலி பிடித்திருக்கிறார்கள். ஆட்சிக்கு ஆட்சி யாராவது வந்து கலர் மாற்றிய கம்பம், நல்லவேளையாக இடத்தை மட்டும் யாரும் மாற்றவில்லை. அங்கிருந்து அளந்ததும் வடக்குக் கல்லும் ஒட்டியது, கோயில் சுவரும் ஒட்டியது. நாலு மூலையிலும் கல் நட்டாகிவிட்டது. ஐந்தாவதாக, கம்பத்துக்குப் பக்கத்தில் நடத் துவைகல்லைப் பெயர்த்துக் கொண்டுவந்திருக்கிறார்கள். துவைக்க வேறு கல் போட்டுத் தந்தால்தான் எடுக்க விடுவேன் என்று அம்மா தகராறு செய்ததாகக் கேள்வி.

"கெடைச்சிருச்சுடா" என்றார் அப்பா. திரையில் காது மட்டும் ஈரமாகத் தெரிந்தது, வேர்வையாகவும் இருக்கலாம். நான் தாழ்வாரத்தில் நின்று அழுதேன். அந்தப் பக்கமாகக் காபியோடு போன ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு, தரவு சரியாக வரவில்லையா என்று கேட்டார்.

போன் அம்மா கைக்குப் போனது. அவளுக்கு யாழினி பழக்கி வைத்திருந்ததால் போனைச் சரியாகப் பிடித்தாள். நிலத்தை எனக்குக் காட்டினாள். அறுப்பு முடிந்து காய்ந்து கிடக்கிற வயல், மூலையில் ஈர மண்ணோடு புதுக் கல்.

"எந்த வயலும்மா இது?"

அம்மா போனைக் கொஞ்சம் இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டினாள்.

"இதாடா? இதுலதான்டா முப்பது வருஷமா கூலிக்கு நட்டேன்" என்றாள். "நம்ம வயலுன்னு ஒருத்தன் வாயத் தொறந்து சொல்லியிருந்தா, கயிறு புடிச்சு நட்டிருப்பேனே."